மதகில் உட்கார்ந்த பிள்ளையார்

நாற்றங்காலில் முளை பச்சை காட்டத் தொடங்கிய வாரத்தில்தான் அந்த வருடம் பிள்ளையார் சதுர்த்தி வந்தது. சம்பா நாற்று. ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நாள் வரும், கொஞ்ச நாள் நிற்கும். எங்கள் நிலமோ வாய்க்காலின் கடைசியில், கடைமடையில் இருக்கிறது. மேலே இருக்கிற வயல்களெல்லாம் குடித்து ஏப்பம் விட்ட பிறகு மிச்சம் இருந்தால் எங்களுக்கு வரும். வந்த அன்றைக்குப் பிடித்துக்கொண்டால் உண்டு. விட்டால் அடுத்த முறை வரைக்கும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். வீட்டில் மருமகளும் நானும்தான். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடச் சொல்லி மகன் ஒவ்வொரு போனிலும் சொல்வான். நான் விடவில்லை. உழுவதற்கு டிராக்டர் வரும், நடுவதற்கு ஆள் வரும், ஆனால் வரப்பில் நிற்பது நான்தான். விதை நெல்லை நானே எடுத்து வைத்து, நானே ஊறப்போட்டு, முளை கட்டி, நாற்று விடுவேன். அடுத்தவர் நாற்றங்காலில் போய் நின்று ஒரு முடி நாற்று கொடுங்கள் என்று நான் கேட்டது கிடையாது. இதைப் பெருமை என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். பெருமைதான்.

எங்கள் வீட்டுப் பிள்ளையார் களிமண் பிள்ளையார். கையகலம் இருப்பார். பூசை முடிந்ததும் ஒரு வாளித் தண்ணீரில் உட்கார வைத்துவிடுவேன். மறுநாள் பார்த்தால் சேறு. அதைக் கொல்லையில் வாழைக்கு ஊற்றிவிட்டால் முடிந்தது. தெருப் பிள்ளையார் விஷயம் வேறு. அதற்கு ஒரு கமிட்டி இருக்கிறது. தலைவர் என் கொழுந்தனார் மகன். நல்ல பிள்ளைதான். எனக்குக் காய்ச்சல் என்றால் வண்டியில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறவன் அவன்தான். ஆனால் பிள்ளையார் என்று வந்துவிட்டால் அவனுக்குக் கண் தெரியாது. பக்கத்து ஊர்ப் பிள்ளையாரைவிட நம் பிள்ளையார் ஒரு முழமாவது உயர்ந்து நிற்க வேண்டும். அந்த வருடம் லாரியில் வந்து இறங்கியவர் தெருவிளக்குக் கம்பத்தில் பாதி இருந்தார். நீல உடம்பு, தங்கக் கிரீடம், முதுகுக்குப் பின்னால் ஒரு சிங்காசனம்.

நான் போய் நகத்தால் கீறிப் பார்த்தேன். நகம்தான் தேய்ந்தது.

"என்னடா இது, மண்ணா?"

"கிழங்கு மாவு பெரியம்மா. தண்ணி பட்டாக் கூழாயிடும்."

"கூழாகிற மாவு மாதிரி தெரியலையே. கால் ஒடிஞ்சாக் கட்டுப் போடுவாங்களே, அந்த மாவு மாதிரில்ல இருக்கு."

"ஆமா, பிள்ளையாருக்குக் கால் ஒடிஞ்சிருக்கு, அதான் கட்டுப் போட்டு வச்சிருக்கோம். போங்க பெரியம்மா, சுண்டல் வாங்கிக்கிட்டுப் போங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுச் சுண்டலை வாங்கிக்கொண்டு வந்தேன்.

கரைக்கிற அன்றைக்கு ஆற்றுக்குத்தான் கொண்டுபோவதாக இருந்தது. போலீஸ் குறித்துக் கொடுத்த படித்துறை தூரம். அங்கே ஊர் ஊராக வண்டிகள் வரிசையில் நிற்கின்றன, நம் முறை வரப் பொழுது விடிந்துவிடும் என்று யாரோ போனில் சொல்லியிருக்கிறார்கள். டிராக்டர்காரருக்கு வேறு வாடகை இருந்தது. நம் வாய்க்கால்தான் கரை தொட்டுப் போகிறதே, இதுவும் காவிரித் தண்ணீர்தானே என்று ஒருவன் ஆரம்பித்திருக்கிறான். எல்லாருக்கும் அது சரியாகப் பட்டுவிட்டது. காவிரித் தண்ணீர்தான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் ஆறு வேறு, வாய்க்கால் வேறு. வாய்க்கால் என்பது யாரோ ஒருவர் வயலுக்குப் போய்க்கொண்டிருக்கிற தண்ணீர். அன்றைக்கு அது எங்கள் வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

பாலத்தின் மேலிருந்து சாய்த்துவிட்டார்கள். மேளச் சத்தமும் வெடிச் சத்தமும் வீடு வரைக்கும் கேட்டது. நான் விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். கையெடுத்துக் கும்பிட்டேன்.

மறுநாள் காலையில் என் பக்கத்து வயல்காரர் மொபெட்டில் வந்து வாசலில் நின்றார். கிறிஸ்தவர். மாதா கோயில் தெருவில் வீடு. எங்கள் இரண்டு பேர் நிலத்துக்கும் நடுவில் ஒரே வரப்பு, இரண்டுக்கும் ஒரே தண்ணீர். அவரும் அந்த வாரம்தான் நாற்று விட்டிருந்தார்.

"அக்கா, உங்க சாமி மதகுல வந்து குந்திக்கிட்டாரு."

"என்ன தம்பி சொல்றீங்க?"

"நேத்துக் கரைச்சாங்கல்ல? கரையல. மிதந்து வந்து மதகுக் கண்ணை அடைச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு. நமக்குச் சொட்டுத் தண்ணி வரல."

"அப்படியே இழுத்து விட்டுட்டு வர்றதுதானே?"

அவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். "நானா? நல்லாச் சொன்னீங்க போங்க. நான் கை வச்சேன்னு வைங்க, தண்ணிக்காகத்தான் வச்சேன்னு யாரு நம்புவா? பொழுது சாயறதுக்குள்ள எம் படம் எல்லார் போன்லயும் சுத்தும். நாத்து காஞ்சாலும் பரவால்லக்கா, ஊரு ரெண்டாகக் கூடாது."

 செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

வாய்க்கால் எங்கள் வயல் பக்கம் திரும்புகிற இடத்தில் வண்டிப்பாதைக்கு அடியில் அந்த மதகு இருக்கிறது. தண்ணீர் போக இரண்டு கண். ஒன்று எப்போதோ மண் மூடிப் போயிற்று. மிச்சம் இருந்த ஒரே கண்ணில் முதுகைக் கொடுத்துச் சாய்ந்து, வருகிற தண்ணீரைப் பார்த்தபடி பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். ஒரு விரல்கூடக் கரையவில்லை. நேற்றுப் போட்ட மாலைகள், வாழைமரம், தெர்மக்கோல் மண்டபம் எல்லாம் அவரோடு சேர்ந்து வந்து இரண்டு பக்கத்து இடுக்கையும் அடைத்துக்கொண்டிருந்தன. தண்ணீர் அவர் தொப்புள் வரைக்கும் ஏறியிருந்தது. எங்கள் வயல் பக்கம் எட்டிப் பார்த்தேன். வாய்க்காலில் சேறுதான். குழியில் தேங்கிய தண்ணீரில் கெளுத்திக் குஞ்சுகள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

கொழுந்தனார் மகன் வீட்டுக்குப் போனேன். அவன் அப்போதுதான் எழுந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தான். ஆடின களைப்பு.

"உன் சாமி மதகை அடைச்சிக்கிட்டு நிக்குதுடா. ஆளைக் கூட்டிக்கிட்டு வந்து எடுத்து விடு."

வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு வந்தான். "பெரியம்மா, கரைச்ச சாமியைத் திரும்பத் தூக்கக் கூடாது. உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் அது உண்டு. வழியனுப்பித் தண்ணீரில் விட்ட சாமியைத் தொட மாட்டார்கள், திரும்பிக்கூடப் பார்க்காமல் வர வேண்டும் என்பார்கள். களிமண் சாமிக்கு உண்டான வழக்கம் அது. மறுநாள் தொடுவதற்கு அங்கே என்ன இருக்கும்?

"கரைஞ்சிருந்தாத்தானேடா கரைச்ச சாமி? இது அப்படியே இருக்கு."

"கரைஞ்சிடும். ரெண்டு நாள் பொறுங்க."

"என் நாத்து பொறுக்குமா?"

அவன் அம்மா உள்ளேயிருந்து காபியோடு வந்தாள். என் ஓரகத்தி. "காலங்காத்தால சாமியைப் பத்தி வம்பு பேச வேணாம்க்கா. குடிங்க," என்றாள். குடித்துவிட்டு வந்தேன். கோபத்தில் காபியை வேண்டாம் என்று சொல்கிற வயது எனக்குப் போய்விட்டது.

இரண்டு நாள் என்றவன் சொல்லில் ஒன்று மட்டும் பலித்தது. இரண்டே நாளில் அது கோயிலாகிவிட்டது. நடந்தது இதுதான். மதகுக் கண் அடைபட்டதும் மேலே தண்ணீர் ஏறியது. ஏறிய தண்ணீர், எந்த வருடமும் வாய்க்கால் பாய்ச்சல் எட்டாத மேட்டு வயல்களில் தானாகப் போய்ப் பாய்ந்தது. கொழுந்தனார் மகன் வயலும் அதில் ஒன்று. வருடம் முழுக்க இன்ஜின் வைத்து இறைக்கிறவர்கள் அவர்கள். காலையில் போய்ப் பார்த்தால் வயல் கண்ணாடி மாதிரி நிற்கிறது. பிள்ளையார் போக மனமில்லாமல் இங்கேயே உட்கார்ந்து தண்ணீரை ஏற்றிக் கொடுக்கிறார் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். தண்ணீர் ஏறியதற்குக் காரணம் பிள்ளையார்தான், அதில் எனக்கும் சந்தேகம் இல்லை.

ஒருத்தி தேங்காய் உடைத்தாள். இன்னொருத்தி கிரீடத்தில் மாலை போட்டாள். மதகுச் சுவரில் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தார்கள். கற்பூரம் வந்த பிளாஸ்டிக் கவரும், ஊதுவத்தி வந்த கவரும், பூ வந்த கவரும் அங்கேயே விழுந்தன. போடுகிற மாலை எல்லாம் நைலான் கயிற்றில் கட்டினது. பூ அழுகிப் போகும், கயிறு போகாது. ஒரு நாளைக்கு இரண்டு பேர் வந்தால், மறுநாள் பத்துப் பேர். வருகிறவர்களெல்லாம் எனக்குத் தெரிந்தவர்கள். யாரைப் போய்ச் சொல்வது?

லஸ்கரைப் பார்த்தேன். வாய்க்காலையும் ஷட்டரையும் பார்த்துக்கொள்கிற அரசாங்க ஆள். சைக்கிளில் இருந்தபடி ஒரு காலை ஊன்றிக்கொண்டு நான் சொன்னதைக் கேட்டார்.

"எடுத்துப் போடுறதுக்கு அஞ்சு நிமிஷம் ஆகாதும்மா. ஆனா நான் கவர்மென்ட்டு ஆளு. நான் தொட்டா, கவர்மென்ட்டு சாமியைத் தொட்டுடுச்சும்பாங்க. மேல எழுதிப் போடுறேன்."

"எழுதினா எப்ப வருவாங்க?"

"வருவாங்கம்மா. வராம எங்க போயிடுவாங்க?"

கிறிஸ்தவர் தொட முடியாது, அரசாங்கம் தொட முடியாது, கொண்டுவந்து போட்டவர்கள் தொடக் கூடாது. நாற்றங்கால் வெடிக்க ஆரம்பித்தது. முதலில் தலைமுடி மாதிரி. பிறகு விரல் நுழைகிற மாதிரி. முளைவிட்ட பயிர் நுனியில் மஞ்சள் கட்டியது. மருமகளும் நானும் தெருக் குழாயில் பிடித்துக் குடம் குடமாகக் கொண்டுபோய் ஊற்றினோம். ஊற்றின இடம் குடிக்கிற சத்தம் கேட்கும், அவ்வளவுதான். மருமகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தை, நாத்து போனாப் போகட்டும். உங்க மகன் பணம் அனுப்புவாரு, வெலைக்கு வாங்கிக்கலாம்."

 குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு மதகுக்கு நடந்தேன்.

சாமியைத் தொட எனக்கும் மனம் வரவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். பொய்க்குச் சொல்லவில்லை. நானும் நெற்றியில் திருநீறு இல்லாமல் வாசலைத் தாண்டாதவள்தான். அந்தப் பெரிய கண்ணைப் பார்த்துக்கொண்டு அதன் கிரீடத்தைப் பிடித்து இழுக்க என்னால் முடியாது. ஆனால் இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டிருந்தது சாமி இல்லையே. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் இடுப்புக்கு மேல் இருந்தது. ஒரு கையால் மதகுச் சுவரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இழுத்தேன்.

முதலில் மாலைகள் வந்தன. ஒன்றை இழுத்தால் அதோடு நாலு வரும். பிறகு ஜிகினாத் தாள், தெர்மக்கோல் துண்டுகள், தண்ணீர் பாட்டில், வெடிச்சரத்தின் அட்டை. அடியில் ஏதோ பெரிதாகத் தட்டுப்பட்டது. பிடித்து இழுக்க இழுக்கப் பாய் மாதிரி வந்துகொண்டே இருந்தது. கரையில் விரித்தால் ப்ளெக்ஸ் பேனர். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கூட்டிப் படித்தேன். விழாக் கமிட்டித் தலைவர் என்று போட்டு, கும்பிட்டபடி கொழுந்தனார் மகன். அதை எடுத்ததும்தான் ஒரு கை அகலத்துக்குத் தண்ணீர் சலசலவென்று அந்தப் பக்கம் போனது.

அவன் அதற்குள் ஓடி வந்துவிட்டான். யாரோ போன் பண்ணியிருக்கிறார்கள்.

"பெரியம்மா! சாமிக்குப் போட்ட மாலையை எடுக்கிறீங்களே!"

"மாலையா? இங்க பாரு. உம் மூஞ்சிதாண்டா இத்தனை நாளா என் தண்ணியை மறிச்சுக்கிட்டு நின்னுச்சு."

கரையில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவன் பேனரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டான். சாமியைத் தொட்டேனா என்று பார்த்தார்கள். தொடவில்லை. அதனால் சண்டை வரவில்லை.

வந்த தண்ணீர் ஒரு கை அகலம்தான். அதுவும் மறுநாள் காலையில் இல்லை. புது மாலை விழுந்து அடைத்துவிட்டது. திரும்ப இறங்கினேன். அதற்கு மறுநாளும். காலையில் எழுந்தால் வாசல் தெளிப்பது மாதிரி அது ஒரு வேலையாகிவிட்டது. ஒரு உரச்சாக்கை எடுத்துக்கொண்டு போவேன். இறங்கி, இழுத்து, கரையில் குவித்து, வடிந்ததும் சாக்கில் அள்ளுவேன். முழங்கால் இரவெல்லாம் விண்விண் என்று தெறிக்கும். கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் வந்தது. பக்கத்து வயல்காரர் கரையில் வந்து நின்று சாக்கின் வாயைப் பிடித்துக்கொள்வார். அதற்கு மேல் ஒரு அடி வர மாட்டார்.

"போடாதீங்கன்னு சொல்லிப் பாருங்கக்கா."

சொல்லிப் பார்த்தேன். பூவை வேண்டுமானால் உதிர்த்துப் போடுங்கள், கவரை வீட்டுக்கு எடுத்துப் போங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். தலையை ஆட்டுவார்கள். "சாமிக்குக் கொண்டுவந்த கவரைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோகலாமா ஆத்தா?" என்று ஒருத்தி நிஜமாகவே கேட்டாள். கேலி இல்லை. அவளுக்கு அது சந்தேகம்.  சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துபோனதுதான் மிச்சம்.

இதில் இன்னொன்று நடந்தது. தினமும் விடியற்காலையில் ஒரு கிழவி ஈரச் சேலையோடு பிள்ளையார் பக்கத்தில் நின்று சுத்தம் செய்கிறாளே என்று எனக்குப் பெயர் வந்துவிட்டது. பக்கத்து ஊரிலிருந்து வந்த ஒரு அம்மாள் என்னைப் பார்த்து, "எத்தனை நாள் வேண்டுதல்ங்க?" என்று கேட்டாள். வேண்டுதல் இல்லை, நாற்றுக்குத் தண்ணீர் என்றேன். "எதுவானா என்ன, பிள்ளையார் கொடுப்பாரு," என்று சொல்லிவிட்டு, ஒரு பெரிய மாலையை, நைலான் கயிறும் பிளாஸ்டிக் குஞ்சமுமாக, என் கையிலேயே கொடுத்துப் போடச் சொன்னாள். வாங்கிப் போட்டேன். அவள் வண்டிப்பாதை முனை திரும்பியதும் எடுத்துச் சாக்கில் வைத்தேன். சிரிப்புக்கூட வரவில்லை. அலுப்பாக இருந்தது.

நாற்றில் பாதி தேறியது. வாய்க்கால் ஓரம் இருந்த பாதி பச்சை பிடித்தது. மேல்கோடி கருகிப்போய்த் தொட்டால் நொறுங்கியது. பாதி நாற்றை வைத்துக்கொண்டு முழு நிலத்தையும் நட முடியாது. கொழுந்தனார் மகனுக்கு அந்த வருடம் நாற்று தழைத்துக் கிடந்தது. அவனே வந்தான். பேனர் விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளவில்லை, அதுவும் அவன் குணம்.

"பெரியம்மா, நமக்கு மிஞ்சிக் கிடக்கு. நாலு கட்டுத் தூக்கிட்டு வந்து போடுறேன், நட்டுக்குங்க. பிள்ளையார் கொடுத்தது."

"எனக்குப் பிள்ளையார் கொடுத்தது பாதிதான். அதை வச்சு நட்டுக்கறேன்."

"ஏன் பெரியம்மா இந்த வீம்பு?"

"வீம்பு இல்லடா. எந் தண்ணியைக் குடிச்ச நாத்து, அதை நான் உங்கிட்ட வாங்கணுமா?"

அவனுக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. நான் இருந்ததைக் கலக்க நட்டேன். குத்துக்குக் குத்து இடம்விட்டு. அப்படியும் ஒரு மா நிலம், ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு, சும்மா கிடந்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. எங்கள் பக்கத்து மழை ஒரு நாள் பெய்துவிட்டுப் போகிற மழை இல்லை. வாய்க்கால்தான் அப்போது எல்லார் வயலுக்கும் வடிகால். மேலிருக்கிற வயல்களின் தண்ணீரெல்லாம் அந்த மதகு வழியாகத்தான் வடிய வேண்டும். மதகில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது உங்களுக்கே தெரியும். இத்தனை நாளாகியும் சாயம்தான் போயிருந்தது. நீலம் வெளுத்துச் சுண்ணாம்பு நிறத்தில் இருந்தார். மழையில் யாரும் மாலை போட வருவதில்லை. நானும் சாக்கோடு இறங்குவதில்லை, அடித்து வந்ததெல்லாம் அங்கேயே சேர்ந்தது.

கொழுந்தனார் மகன் தலையில் உரச்சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு மழையோடு வந்து நின்றான்.

"பெரியம்மா, நட்டது முழுக்க முழுகிக் கிடக்கு. நுனி தெரியல. இன்னும் ரெண்டு நாள் இப்படி நின்னா அழுகிடும்."

"கரைஞ்சிடும்னியே."

"சொன்னேன். இப்ப என்ன பண்ணச் சொல்றீங்க?"

"எடுத்து விடு."

அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். "நாங்க கை வச்சா ஊர்ல பேசுவாங்க. நீங்கதான் தெனம் சாமிக்குச் செஞ்சீங்க. நீங்க முதல்ல தொட்டுக் கொடுத்தா ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

நன்றாகத் திட்ட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. என் பாதி நாற்று கருகியபோது இந்த வழி எங்கே போயிற்று என்று கேட்டிருக்கலாம். ஆனால் முழுகிக் கிடப்பது பயிர். அது யாருடையதாக இருந்தால் என்ன, முழுகிக் கிடக்கிற பயிரைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. மருமகள் குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

கமிட்டிப் பையன்கள் கயிறோடு வந்திருந்தார்கள். பக்கத்து வயல்காரரும் வந்து நின்றார். நான் கற்பூரம் ஏற்றப் பார்த்தேன், மழையில் நிற்கவில்லை. கையைக் கூப்பி, "எழுந்துக்கப்பா, போதும்," என்று சொல்லிவிட்டு அவர் தோளைத் தொட்டேன். சில்லென்று சிமென்ட் மாதிரி இருந்தது. கயிறு கட்டினார்கள். ஆள் போதவில்லை.

"கயித்தை நான் பிடிக்கிறேங்க்கா," என்றார் பக்கத்து வயல்காரர். "கயிறு கயிறுதானே."

கொழுந்தனார் மகன் நகர்ந்து அவருக்கு இடம் விட்டான்.

"பொறுங்கடா, சுத்தி இருக்கிற குப்பையை முதல்ல அள்ளிக்குவோம். இல்லாட்டி எல்லாம் ஒண்ணா அடிச்சுக்கிட்டுப் போயிடும்," என்று நான் சொல்லச் சொல்லவே இழுத்துவிட்டார்கள். மழை, அவசரம், முழுகின பயிர். யாருக்குக் காது கேட்கும்? பிள்ளையார் ஒரு பக்கமாகச் சாய்ந்து மதகுச் சுவரில் மோதி உடைந்தார். உள்ளே தேங்காய் நாரும் சாக்கும் கோழிக்கூண்டுக் கம்பிவலையும். பெரிய பாகம் கரைக்கு வந்தது. மற்றதெல்லாம் தண்ணீரோடு போனது. ஒரே இழுப்பில், இடி இடிக்கிற மாதிரி சத்தத்தோடு, அத்தனை நாள் தேங்கினது எல்லாம் மதகைத் தாண்டிப் போயிற்று. பையன்கள் கை தட்டினார்கள். எனக்கு அது எங்கே போகிறது என்று தெரியும்.

மேலே எல்லாருக்கும் வடிந்தது. கொழுந்தனார் மகன் பயிர் தலை தூக்கிக்கொண்டது. எங்கள் இரண்டு பேர் வயலிலும் தண்ணீர் வரப்பைத் தாண்டிப் புரண்டு, நாலைந்து நாள் நின்று, பிறகு மெள்ள இறங்கியது. இறங்கியதும் பார்த்தேன். நான் கலக்க நட்டிருந்த குத்துகளின் நடுவே ஜிகினா மின்னிக்கொண்டிருந்தது. நைலான் கயிறு பயிரைச் சுற்றிக்கொண்டு கிடந்தது. சுண்ணாம்புக் கட்டிகள், மாவு போல் வெளுத்த சேறு. பயிர் சாகவில்லை. அதைச் சொல்ல வேண்டும். கயிறு சுற்றினவை மட்டும் சாய்ந்து கிடந்தன.

களை எடுக்கப் பெண்கள் இறங்கிய அன்றைக்கு ஒருத்தி காலில் கம்பிவலை கிழித்துவிட்டது. மஞ்சளை வைத்துக் கட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஊசி போட அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் இன்னொருத்தி சேற்றிலிருந்து எதையோ தூக்கிக் கழுவினாள். பிள்ளையாரின் கை. கொழுக்கட்டையோடு அப்படியே இருந்தது. அவள் அதை வரப்பில் நிமிர்த்தி வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவள் சம்பங்கிப் பூ ஒன்றைத் தலையிலிருந்து எடுத்து அதன் மேல் வைத்தாள்.

"அடியே, அதையும் சாமின்னு வச்சிடாதீங்கடி. நாளைக்கு வரப்புல நடக்க வழி இருக்காது," என்றேன்.

சிரித்தார்கள். ஆனால் போகும்போது எல்லாரும் அதைச் சுற்றிக்கொண்டு சேற்றில் இறங்கித்தான் போனார்கள். யாரும் தாண்டவில்லை.

அந்தக் கையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. புதைத்தால் உழும்போது வரும். எரித்தால் எரியாது. குப்பை வண்டிக்காரர் பார்த்துவிட்டு, சாமி சமாச்சாரம் வேண்டாம் ஆயா என்று சொல்லிவிட்டார். ஓடுகிற தண்ணீரில் விட்டுவிடுங்கள் என்கிறாள் மருமகள். விட்டால் அது யார் வயலுக்குப் போகும் என்று கேட்டேன். எங்களுக்குக் கீழேதான் யாரும் இல்லையே அத்தை, கடல்தானே என்றாள். கடலை நம்பிப் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள் என்றேன்.

இப்போதைக்கு அது கொல்லையில் ஒரு சாக்கில் கிடக்கிறது, வயலில் பொறுக்கின மற்றதோடு. சாக்கு நிறைந்துவிட்டது. வேறு சாக்கு ஒன்று எடுத்துக்கொண்டு நாளைக்கு நிலத்தின் கடைசித் துண்டில், கீழ்த்தாக்கில் இறங்க வேண்டும். அங்கே இன்னும் பார்க்கவில்லை.